தறிக்குக் கட்டிய வீடுகள்: லியோனில் ஐந்து நாள்

பிரான்ஸின் லியோன் நகரத்தில் நாங்கள் தங்கிய வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் போனது கூரைக்கு. ஒரே அறைதான், அகலமும் அதிகமில்லை. ஆனால் தரையிலிருந்து மேலே தெரிந்த பருமனான மரச் சட்டங்கள் வரைக்கும் நான்கு மீட்டர் உயரம். சன்னல்களும் அதே கணக்கில் நெடுநெடுவென்று நின்றன. அறையின் பின்பக்கம் பாதி உயரத்தில் பலகை அடித்துப் பரண் போட்டிருந்தார்கள். செங்குத்தான மரப்படியில் ஏறி அங்கேதான் படுக்கவேண்டும். சாவி கொடுத்த அம்மாள், குளிர்காலத்தில் இந்த வீட்டைச் சூடாக்கச் செலவு அதிகம், இந்தப் பக்கத்து வீடுகள் எல்லாமே இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த உயரம் எதற்கென்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் ஆரணி. தாத்தா பட்டு நெய்தார், அப்பாவும் நெய்தார். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தறிமேல் பூ வேலைக்கான ஜக்கார்டு பெட்டி ஏற்றினார்கள். பெட்டி கூரையில் இடித்தது. தறிக்கு நேர் மேலே இருந்த ஓடுகளைப் பிரித்து, அந்தப் பகுதியை மட்டும் இரண்டடி உயர்த்திக் கட்டினார் அப்பா. மழைக்காலத்தில் அந்த இணைப்பு ஒழுகும். ராத்திரியில் மழைச் சத்தம் கேட்டால் அம்மா முதலில் எங்களைப் பார்க்கமாட்டார், பாவின்மேல், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகள்மேல், பாலிதீன் தாளை இழுத்து மூட ஓடுவார். அந்தப் பெட்டிக்குத் தன் பெயரைக் கொடுத்த ஜோசப் மாரி ஜக்கார் 1752இல் பிறந்தது லியோனில். அவருடைய தறி நின்றால் தலை தட்டக்கூடாது என்பதற்காக, க்ருவா ரூஸ் என்கிற இந்தக் குன்று முழுக்க நான்கு மீட்டர் கூரை வைத்து வீடு கட்டியிருக்கிறார்கள். பரண் நெசவாளியின் குடும்பம் படுப்பதற்கு. கீழே இருந்த இடமெல்லாம் தறிக்கு.

லியோனுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் சாப்பாட்டுக்காகப் போகிறார்கள். நாங்களும் அப்படித்தான் அக்டோபரில் ஐந்து நாள் ஒதுக்கிக்கொண்டு கிளம்பினோம். திரும்பி வந்து இத்தனை மாதம் ஆகியும் என் மனதில் நிற்பது நெசவாளர்களின் ஊர். அங்கே கிடைக்கும் சாப்பாடும் அந்தத் தறிகளின் நிழலில் பிறந்தது என்பது போன பிறகுதான் புரிந்தது. அதை எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பாரிஸிலிருந்து வேக ரயிலில் இரண்டு மணி நேரப் பயணம். ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ள இரண்டு ஆறுகளும் இரண்டு குன்றுகளும் போதும். ரோன் ஆறு ஆல்ப்ஸ் மலைப்பக்கத்திலிருந்து இறங்கி அகலமாகவும் வேகமாகவும் வருகிறது. சோன் ஆறு வடக்கிலிருந்து அவசரமில்லாமல் வருகிறது. இரண்டுக்கும் நடுவே நாக்கு மாதிரி நீளும் நிலம்தான் நகரத்தின் மையம். பெரிய கடைகள், நகராட்சி மாளிகை, பதினான்காம் லூயியின் குதிரைச் சிலை நிற்கும் பெல்கூர் சதுக்கம் எல்லாம் அங்கே. நாக்கின் நுனியில், ஆறுகள் கூடும் இடத்தில், 2014இல் திறந்த ஒரு அருங்காட்சியகம் கண்ணாடியும் எஃகுமாக நிற்கிறது. உள்ளே போவதைவிட வெளியே நின்று இரண்டு தண்ணீரும் நிறம் கலக்காமல் கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

குன்றுகளில் ஒன்று ஃபூர்வியேர், மற்றது நாங்கள் தங்கிய க்ருவா ரூஸ். முதலாவதைக் கும்பிடும் குன்று என்றும் இரண்டாவதை உழைக்கும் குன்று என்றும் ஊரில் சொல்கிறார்கள். ஃபூர்வியேர் உச்சியில் ஒரு வெள்ளை மாதா கோயில். 1872இல் கட்டத் தொடங்கியது. நான்கு மூலையிலும் நான்கு கோபுரம். கீழேயிருந்து பார்க்கும் ஊர்க்காரர்கள் அதற்குக் கால்களை மேலே தூக்கிப் படுத்திருக்கும் யானை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருமுறை அதைக் கேட்டுவிட்டால் அப்புறம் கண்ணுக்கு யானைதான் தெரியும். கோயிலுக்குப் பக்கத்துச் சரிவில் ரோமானியர்களின் அரங்கம். கி.மு. 43இல் ரோமானியர்கள் நிறுவிய லுக்டுனும் என்ற ஊர்தான் இன்றைய லியோன். ரோமப் பேரரசர் கிளாடியஸ் பிறந்தது இங்கே. அரங்கத்தின் கல்படிகளில் கோடைக்காலத்தில் இன்னமும் இசைக் கச்சேரி நடக்கிறது. குன்றுக்கு ஏற ஒரு சிறிய இழுவை ரயில் உண்டு. அதை ஊரில் 'ஃபிசெல்' என்கிறார்கள். மெல்லிய கயிறு, நூல் என்று பொருள். ரயிலைக்கூட இந்த ஊர் நூல் என்றுதான் கூப்பிடுகிறது.

பழைய லியோன் சோன் ஆற்றுக்கும் ஃபூர்வியேர் அடிவாரத்துக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டு வீடுகள் காவியும் இளஞ்சிவப்புமாக நெருக்கி நிற்கின்றன. ஆற்றுக்கு இணையாக நீளநீளமாகத் தெருக்கள், குறுக்குச் சந்துகள் மிகக் குறைவு. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகவேண்டுமென்றால் சுற்றித்தான் போகவேண்டும். அதற்கு ஊர் கண்டுபிடித்த வழிதான் த்ரபூல். வீட்டுக் கதவைத் திறந்தால் இருட்டான ஒரு நடை, நடை முடிந்தால் ஒரு முற்றம், முற்றத்தில் சுழன்று ஏறும் கல்படி, அப்புறம் இன்னொரு நடை, கடைசியில் அடுத்த தெரு. யார் வீட்டின் வயிற்றுக்குள்ளேயோ புகுந்து வெளியே வந்திருப்போம். ஸான் ழான் தெருவின் 54ஆம் எண் கதவில் நுழைந்து பஃப் தெருவின் 27ஆம் எண்ணில் வெளியேறும் த்ரபூல்தான் இங்கே மிக நீளமானது. முற்றத்துக்கு மேல் முற்றமாகப் போய்க்கொண்டே இருக்கிறது.

இவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். நகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு, பராமரிப்புக்கு உதவி வாங்கிக்கொண்டு, பகலில் கதவைத் திறந்துவிடுகிறார்கள். நாங்கள் போன ஒரு முற்றத்தில் குழந்தைகளின் சைக்கிள்கள் சாய்த்து வைத்திருந்தன. மேல்மாடிச் சன்னலில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. தயவுசெய்து அங்கே குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். கும்பலாகப் போய் முற்றத்தில் நின்று சத்தம்போடுகிறவர்களால் மூடப்பட்ட கதவுகளும் உண்டு என்று வழிகாட்டிப் பெண் வருத்தத்தோடு சொன்னார். காலையில் போவது நல்லது. கதவு சாத்தியிருந்தாலும் பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் அந்த நேரத்தில் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

க்ருவா ரூஸ் சரிவிலும் த்ரபூல்கள் உண்டு. அவற்றின் முகம் வேறு. அலங்காரம் இல்லை, வளைவுத் தூண்கள் இல்லை. உயரமான வெற்றுச் சுவர்கள், படிகள், மறுபடி படிகள். கீழே வியாபாரியின் கிட்டங்கி, மேலே நெசவாளியின் வீடு. நெய்த பட்டுச் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு மழை படாமல் இறங்கிப் போக இந்த நடைகள் உதவின. வொராஸ் முற்றம் என்ற இடத்தில் ஆறு மாடிக்கு வெட்டவெளியில் ஏறும் கல்படிக்கட்டு ஒன்று இருக்கிறது. அதன் கீழே நின்றபோது, தோளில் பட்டுச்சுருளோடு இறங்கும் ஒரு ஆளை என்னால் கண்ணெதிரே பார்க்க முடிந்தது. அப்பா வாராவாரம் நெய்த புடவையை மஞ்சள் துணியில் சுற்றி சைக்கிள் கேரியரில் வைத்து முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போவார். மழை வந்தால் தான் நனைந்தாலும் அந்த மூட்டை நனையாது.

லியோனின் நெசவாளிக்குக் 'கனூ' என்று பெயர். க்ருவா ரூஸில் கனூக்களின் இல்லம் என்ற சிறு அருங்காட்சியகத்தில் பழைய தறிகளை ஓட்டிக் காட்டுகிறார்கள். ஒரு அம்மாள் தறியில் உட்கார்ந்து மிதியை அழுத்தினார். மேலே பெட்டி இறங்கி ஏறியது, குறுக்கு இழையை இழுத்துக்கொண்டு நாடா பாய்ந்தது, பலகை அடித்தது. அந்தச் சத்தத்துக்கு லியோன்காரர்கள் வைத்திருக்கும் சொல் 'பிஸ்டாங்க்லாக்'. அதைச் சொல்லிப் பார்த்தால் தறி உங்கள் வாயிலேயே ஓடும். ஒருகாலத்தில் இந்தக் குன்றில் விடிகாலையிலிருந்து ராத்திரி வரை ஆயிரக்கணக்கான தறிகளின் பிஸ்டாங்க்லாக் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது தெருவில் காபி இயந்திரத்தின் சத்தம்தான்.

ஜக்கார் செய்தது என்ன என்பதைத் தறியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பூ விழவேண்டுமென்றால் குறுக்கே ஒவ்வொரு ஊடை இழை போகும்போதும் பாவில் எந்தெந்த இழை மேலே தூக்கவேண்டும், எது கீழே கிடக்கவேண்டும் என்ற கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். அவருக்கு முன்பு தறியின் பக்கத்தில் ஒரு பையன் நின்று, கயிறுகளைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். பெரும்பாலும் குழந்தைகள். நாள் முழுக்க நின்றபடி இழுக்கும் வேலை. ஜக்கார் 1804 வாக்கில் உருவாக்கிய கருவி அந்தக் கணக்கை ஓட்டை போட்ட அட்டைகளில் ஏற்றியது. அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழையும், அதோடு சேர்ந்த கொக்கி இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும், இழை கிடக்கும். ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தொங்கவிட்டால் தறியே பூவைப் படித்துக்கொள்ளும். எல்லாம் அவர் ஒருவர் மூளையில் பிறந்ததும் அல்ல. இதே ஊரில் 1725இல் பஸீல் பூஷோன் ஓட்டை போட்ட காகிதச் சுருளைத் தறியில் பயன்படுத்தினார், அடுத்து ஃபால்கோன் அட்டைகளுக்கு மாற்றினார், பிறகு வோகான்ஸோன் தன் பங்குக்குச் செய்தார். ஜக்கார் அவற்றை ஒன்றாக்கி ஒரு நெசவாளி தனியாக ஓட்டக்கூடிய கருவியாக்கினார்.

அந்தக் கருவியால் என்ன முடியும் என்பதைக் காட்ட 1839இல் லியோனில் ஜக்காரின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. கணினியின் முன்னோடி என்று சொல்லப்படும் சார்ல்ஸ் பாபேஜ் அதில் ஒன்றை வாங்கித் தன் வீட்டில் வைத்திருந்தார், தன் கணக்குப்பொறிக்கு அட்டை யோசனையை இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார். நான் பிழைப்புக்குச் செய்வது கணினி வேலை. தறியை விட்டு வந்துவிட்டேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அந்த அம்மாள் அட்டைக் கட்டைத் தூக்கிக் காட்டியபோது அப்படித் தோன்றவில்லை.

கனூக்களின் வாழ்க்கையைப் பற்றி வழிகாட்டி சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை எனக்கு. பட்டு நூலையும் வடிவத்தையும் வியாபாரி கொடுப்பான். தறி நெசவாளியுடையது, வீடு நெசவாளியுடைய வாடகை, நேரம் நெசவாளியுடையது. நெய்து கொடுத்தால் கூலி. கூலி எவ்வளவு என்பதை வியாபாரி சொல்வான். 1831இல் கூலி விழுந்துகொண்டே போனபோது குறைந்தபட்சக் கூலி வேண்டுமென்று கேட்டார்கள். அரசு அதிகாரி நடுவில் நின்று அக்டோபரில் ஒரு கூலிப்பட்டியல் முடிவானது. வியாபாரிகளில் ஒரு பகுதியினர் அதை ஏற்க மறுத்தார்கள். நவம்பர் 21ஆம் தேதி நெசவாளிகள் குன்றிலிருந்து கீழே இறங்கினார்கள். கறுப்புக் கொடி. அதில் எழுதியிருந்தது: உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம். இரண்டு மூன்று நாள் சண்டைக்குப் பிறகு படை பின்வாங்க, நகரம் நெசவாளிகள் கையில் இருந்தது. கையில் இருந்த அந்த நாட்களில் கடைகளைக் கொள்ளையடிக்க விடாமல் அவர்களே காவல் நின்றார்கள். டிசம்பர் தொடக்கத்தில் பாரிஸிலிருந்து 20,000 பேர் கொண்ட படை வந்தது. கூலிப்பட்டியல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது.

1834 ஏப்ரலில் மறுபடி எழுந்தார்கள். இந்த முறை படை ஈவிரக்கம் காட்டவில்லை. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். ஆனால் அதே ஆண்டுகளில் அவர்கள் தங்களுக்கென்று வாரப் பத்திரிகை நடத்தினார்கள், 1835இல் சரிவான க்ராந்த் கோத் தெருவில் கூட்டுறவு மளிகைக் கடை திறந்தார்கள். பிரான்ஸில் இந்த வகையில் முதலாவது என்கிறார்கள். ஒரு விஷயம் மட்டும் எங்குமே பெரிதாக எழுதிவைக்காதது எனக்குக் குறையாகப் பட்டது. 1869இல் பட்டு நூல் முறுக்கும் பெண்கள் லியோனில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்து, பட்டறையிலேயே தங்கி வேலை பார்த்த பெண்கள். என் பாட்டி ராட்டையில் நூல் சுற்றிச் சுற்றி வலது கை விரல் மடங்கிப் போயிருந்தார். தறியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் நெசவாளி என்று பெயர். இந்தப் பெண்களுக்கு இன்னும் பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்கலாம்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

லியோனின் சிறு உணவகத்துக்குப் பூஷோன் என்று பெயர். சிவப்புக் கட்டம் போட்ட மேசைத்துணி, தோளோடு தோள் உரசும் மேசைகள், சுவர் முழுக்கச் செப்புப் பாத்திரம். மது வருவது பெரிய குப்பியில் அல்ல, அடி கனத்த 46 செண்டிலிட்டர் கண்ணாடிக் குடுவையில். ரோன், சோன் இரண்டோடு பொஜொலே மதுவும் சேர்ந்து லியோனில் மூன்று ஆறு ஓடுகிறது என்று ஒரு பழைய பேச்சு உண்டு. நான் சொல்லவந்தது இலையில் என்ன விழுகிறது என்பதைப் பற்றி. பன்றியின் எல்லா உறுப்பும், மாட்டின் குடலும் இரைப்பையும், கோழி ஈரல், கால், கன்னம். நல்ல கறியை வாங்கக் காசில்லாதவர்கள் மிச்சத்தை எடுத்து, அதற்கு நேரத்தையும் கையையும் கொடுத்துச் சமைத்த சாப்பாடு. கனூக்கள் விடிகாலையில் தொடங்கிச் சில மணி நேரம் நெய்துவிட்டு, காலை ஒன்பது மணிவாக்கில் கூடி உட்கார்ந்து இதைத்தான் சாப்பிட்டார்கள். அந்தக் காலைச் சாப்பாட்டுக்கு மாஷோன் என்று பெயர். இன்றும் சில பூஷோன்களில் காலையில் மாஷோன் கிடைக்கிறது. காலை ஒன்பதுக்குக் குடல் சாப்பிடுவதா என்று பிரான்ஸின் மற்ற ஊர்க்காரர்களே திகைப்பார்களாம். ஞாயிறு காலையில் இட்லிக்குக் குடல் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்தவனுக்குத் திகைப்பு ஒன்றும் இல்லை.

தப்லியே த சப்பேர் என்ற பண்டத்தை அங்கே சாப்பிட்டே ஆகவேண்டும். பெயருக்குப் பொருள், ராணுவத்தில் பதுங்குகுழி வெட்டும் வீரனின் தோல் ஏப்ரன். மாட்டின் இரைப்பையை வேகவைத்து, வெள்ளை மதுவில் ஊறவைத்து, முட்டையும் ரொட்டித் தூளும் தோய்த்துப் பொரிக்கிறார்கள். தட்டில் ஒரு கைக்குட்டை அகலத்துக்கு வந்தது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மென்மை, தொட்டுக்கொள்ளக் காய்கறி ஊறுகாயும் வேகவைத்த முட்டையும் கலந்த புளிப்பான ஒரு சாஸ். நாங்கள் போட்டி என்று சொல்லும் குடல் கறியில் இருக்கும் அந்த வாசம் லேசாக இருந்தது. அதை மறைக்காமல் விட்டிருந்தார்கள். அது எனக்குப் பிடித்தது.

என் மனைவி கறி சாப்பிடமாட்டார். அவருக்கு அந்த ஊரில் கிடைத்த பெரிய சந்தோஷம் 'செர்வெல் த கனூ'. நெசவாளியின் மூளை என்று பொருள். மூளை எதுவும் இல்லை. கட்டித்தயிர் போன்ற வெள்ளைச் சீஸை அடித்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மூலிகைகள், எண்ணெய், கொஞ்சம் வினிகர், உப்பு, மிளகு சேர்க்கிறார்கள். ரொட்டியில் தடவிச் சாப்பிடலாம், வேகவைத்த உருளைக்கிழங்கோடும் சாப்பிடலாம். மூளைக்கறி வாங்க வக்கில்லாத நெசவாளி இதைச் சாப்பிட்டான் என்று ஒரு கதை. நெசவாளியின் மூளை இவ்வளவுதான், வெள்ளையாகக் குழைந்து கிடக்கிறது என்று முதலாளிகள் ஏளனமாக வைத்த பெயர் என்று இன்னொரு கதை. எந்தக் கதையாக இருந்தாலும் அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு முகம் சுருங்கியது. 24,000 அட்டைகளில் ஒரு முகத்தை நெய்த மூளை அது. ஆனால் கனூக்களின் பேரப்பிள்ளைகள் அதே பெயரை எல்லா உணவகப் பலகையிலும் பெருமையாக எழுதிவைத்திருக்கிறார்கள். கேலியை வாங்கித் தன்னுடையதாக்கிக்கொண்ட ஊர்.

கெனெல் பற்றியும் சொல்லவேண்டும். ஆற்றில் பிடிக்கும் பைக் என்ற மீனில் முள் அதிகம், அப்படியே சாப்பிட முடியாது. சதையை வழித்து, மாவு, வெண்ணெய், முட்டை சேர்த்து அரைத்து, நீள உருண்டையாகப் பிடித்து, நீரில் வேகவைத்து, பிறகு நண்டினத்தைச் சேர்ந்த ஆற்று இறால் சாஸ் ஊற்றி அடுப்பில் வைக்கிறார்கள். நன்றாகச் செய்தால் இரண்டு மடங்கு உப்பி மேகம் மாதிரி வரும். நான் முதலில் சாப்பிட்டது பழைய லியோனில், வாசலில் ஐந்து மொழியில் பலகை வைத்த கடையில். நடுவில் சில்லென்று இருந்தது. மறுநாள் க்ருவா ரூஸில், எட்டே மேசை கொண்ட ஒரு இடத்தில் சாப்பிட்டதும்தான் இது என்ன பண்டம் என்று தெரிந்தது. பழைய லியோனை நடந்து பாருங்கள். சாப்பிட ஆற்றைத் தாண்டி வந்துவிடுங்கள்.

பிரான்ஸின் சமையல் தலைநகர் என்ற பெயரை லியோனுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் பெண்கள். 'மேர்' என்பார்கள், அம்மாக்கள். பணக்கார வீடுகளில் சமையல் வேலை பார்த்துவிட்டுத் தனியாகச் சிறு உணவகம் வைத்தவர்கள். இவர்களில் யூஜெனி பிரேஸியே 1895இல் பிறந்தவர். சின்ன வயதில் தாயை இழந்தார், பண்ணைகளில் மாடு மேய்த்தார், கல்யாணமாகாமல் ஒரு குழந்தையோடு லியோனுக்கு வந்தார். ஃபிலியூ அம்மாவிடம் சமையல் கற்று, 1921இல் ரொயால் தெருவில், க்ருவா ரூஸ் அடிவாரத்தில், பட்டு வியாபாரிகள் நடமாடும் இடத்தில் தன் கடையைத் திறந்தார். 1933இல் அவருடைய இரண்டு உணவகங்களும் உணவகங்களுக்குத் தர மதிப்பு கொடுக்கும் மிஷ்லன் கையேட்டின் தலா மூன்று நட்சத்திரங்களை ஒரே ஆண்டில் வாங்கின. ஆறு நட்சத்திரம் வைத்திருந்த முதல் சமையல்காரர் அவர். அவரிடம் வேலை பழகிய பையன்களில் ஒருவர்தான் பிறகு உலகமெல்லாம் பெயர் பரவிய போல் பொக்யூஸ். ரோன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய உணவுச் சந்தைக்கு இன்று பொக்யூஸின் பெயர். பிரேஸியேவின் பெயரைத் தேடிக்கொண்டு ரொயால் தெருவுக்குப் போனோம். கடை அங்கேயே இருக்கிறது, அதே பெயரோடு. எங்கள் பைக்குள் அடங்காத விலை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம்.

இனிப்பு விரும்புகிறவர்களுக்கு: இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சு போட்ட பாதாம்களை பன் மாவில் புதைத்துச் சுடுகிறார்கள். அதையே நொறுக்கிப் பாலேட்டோடு காய்ச்சி, மாவில் செய்த தட்டில் ஊற்றினால் தார்த் என்ற சிவப்புப் பண்டம். பட்டு மெத்தை வடிவத்தில் பச்சை நிறத்தில் ஒரு மிட்டாயும் உண்டு. இனிப்பும் பட்டில் போய் முடிகிறது.

சினிமா பிறந்த இடத்தையும் பார்த்தோம். லூமியேர் சகோதரர்கள் 1895 மார்ச்சில் தங்கள் தொழிற்சாலை வாசலில் காமிராவை வைத்து, வேலை முடிந்து வெளியே வரும் தொழிலாளிகளைப் படம் பிடித்தார்கள். ஒரு நிமிஷம்கூட இல்லாத படம். நீளப் பாவாடையும் தொப்பியுமாகப் பெண்கள் கூட்டமாக வருகிறார்கள், ஒரு நாய் ஓடுகிறது. அந்தத் தெருவுக்கு இன்று 'முதல் படத் தெரு' என்று பெயர். படச்சுருளை நிறுத்தி நிறுத்தி இழுக்கும் யோசனை லூயி லூமியேருக்குத் தையல் இயந்திரம் துணியை நகர்த்துவதைப் பார்த்து வந்ததாம். அதைப் படித்ததும் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க எங்க போனாலும் துணியிலதான் வந்து நிப்பீங்க" என்றார். நான் என்ன செய்ய, ஊர் அப்படி.

டிசம்பர் 8ஆம் தேதி போயிருக்கவேண்டும் என்று இப்போது ஆசைப்படுகிறேன். 1852இல் ஃபூர்வியேர் குன்றில் மாதா சிலையைத் திறக்க நாள் குறித்திருந்தார்கள். வெள்ளத்தால் செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குத் தள்ளிப்போன விழா. அன்றைக்கும் புயல் மழை. விழா நடக்காது என்று ஆனபோது மாலையில் வானம் தெளிந்தது. யாரும் சொல்லாமலே மக்கள் தங்கள் சன்னல் விளிம்பில் விளக்கு ஏற்றிவைத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அந்த இரவில் சன்னல்களில் சிறு கண்ணாடிக் குவளைக்குள் மெழுகு விளக்கு எரிகிறது. இப்போது நான்கு நாள் விழா, கட்டிடங்கள்மேல் பெரிய பெரிய ஒளிக்காட்சி, லட்சக்கணக்கில் கூட்டம். நாங்கள் தங்கிய வீட்டு அம்மாள் சன்னலுக்குக் கீழே வரிசையாக அடுக்கிய வண்ணக் குவளைகளைக் காட்டினார். அவருடைய பாட்டி வாங்கியவை அதில் இரண்டு. விழாக் கூட்டத்துக்குள் அவர் போவதில்லை, குவளைகளை மட்டும் ஏற்றிவிடுவார்.

கடைசி நாள் காலையில் க்ருவா ரூஸில் கனூ சுவரைப் பார்க்கப் போனேன். 1,200 சதுர மீட்டர் வெற்றுச் சுவரில் 1987இல் இந்தக் குன்றின் ஒரு தெருவையே வரைந்திருக்கிறார்கள். உயர்ந்த சன்னல்கள், நடுவே மேலேறும் படிக்கட்டு, படியில் மனிதர்கள். 1997இலும் 2013இலும் மறுபடி வரைந்தபோது அந்த மனிதர்களுக்கு அத்தனை வயது கூட்டி வரைந்தார்கள். குழந்தையாக இருந்தவர்கள் வளர்ந்திருக்கிறார்கள். எதிரே பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே அப்பாவுக்கு போன் போட்டேன். கனூக்களின் இல்லத்தில் எடுத்த வீடியோவை முந்தின நாளே அனுப்பியிருந்தேன்.

"பாத்தியாப்பா?"

"பாத்தேன். நம்ம மாதிரி தறிக்குக் கீழ கால் குழி இல்லாம மேலயே உக்காந்து நெய்யிறாங்களே, அதான் கூரை அவ்ளோ தூக்கி வெச்சிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தினார். "பெட்டி நம்ம பெட்டி மாதிரியேதான் இருக்கு. அட்டை மட்டும் தடிமனு."

பூ எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பூவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அந்தம்மா மிதிக்கிறப்ப இடது பக்கம் இடுப்பு சாயுது, கவனிச்சியா? காட்டுறதுக்காக நெய்யிறவங்க இல்ல அவங்க. ரொம்ப வருஷம் தறியில இருந்தவங்க."

அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு, அந்த வீடியோவை இன்னொரு தடவை போடச் சொன்னார்.